பர்னாலா எழுதாத அறிக்கை: ஒன்றிய – மாநில உறவுகள் குறித்த உயர்நிலைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீதியரசர் குரியன் ஜோசப் அவர்களுக்கும், குழுவின் உறுப்பினர்களான திரு. அசோக் வர்தன் ஷெட்டி, திரு. மு. நாகநாதன் ஆகியோருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் உங்கள் குழு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, ஆளுநர் பதவியைப் பற்றி உங்களிடம் வந்து சேர்ந்திருக்கக்கூடிய மனுக்களின் சாரம் என்னவாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மசோதாக்களைக் கிடப்பில் போடுவது, துணைவேந்தர் நியமனத்தில் தகராறு செய்வது, சட்டமன்றத்தில் உரையைப் படிக்காமல் வெளியேறுவது என்று அண்மைக் காலத்தில் நாம் கண்ட காட்சிகளே அவற்றில் நிறைந்திருக்கும். அவை எல்லாம் ஒன்றிய அரசுக்கு உவப்பாக நடந்துகொண்ட ஆளுநர்களைப் பற்றிய புகார்கள். ஒன்றிய அரசுக்கு உவப்பில்லாமல் நடந்துகொண்ட ஓர் ஆளுநருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் உங்கள் அறிக்கையின் ஆளுநர் பற்றிய இயலில் சாட்சியமாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். அவர் பெயர் சுர்ஜித் சிங் பர்னாலா. கிண்டி ராஜ்பவனில் இருமுறை குடியிருந்தவர். முதல் முறை ஒன்பது மாதம்கூட நிறையவில்லை, இரண்டாம் முறை ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

அரசியலறிவியல் வகுப்புகளில், மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர வழிசெய்யும் அரசமைப்பின் 356ஆவது பிரிவைக் கற்பித்தவன் என்ற முறையில், தி.மு.க. ஆட்சியைக் கலைப்பதற்கான அறிக்கையை அனுப்ப 1991இல் அவர் மறுத்ததை நம்மவர்கள் எப்படிச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நேர்மையான ஒரு மனிதர் இருந்தார், டெல்லி கேட்டதைச் செய்ய மறுத்தார், பதவியை உதறிவிட்டுப் போனார் என்று அந்தக் கதை முடிந்துவிடுகிறது. கதை உண்மைதான். ஆனால் அதை அந்த இடத்தில் முடித்துவிட்டால், நல்ல மனிதர்களை ஆளுநர்களாக நியமித்தால் போதும் என்ற முடிவுக்கே நாம் வந்து சேருவோம். பர்னாலாவின் வாழ்க்கையை முழுவதுமாகப் பார்த்தால் கிடைக்கிற முடிவு வேறு என்பதே என் வாதம்.

அவர் 1925 அக்டோபர் 21 அன்று, இன்று அரியானாவில் இருக்கும் அட்டேலியில் பிறந்தார். லக்னோ பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். மாணவப் பருவத்திலேயே 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கலந்துகொண்டார். வழக்கறிஞராகத் தொழில் செய்த ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பஞ்சாபின் சீக்கியர் கட்சியான அகாலி தளத்தில் படிப்படியாக வளர்ந்து, 1969இல் பஞ்சாபின் கல்வி அமைச்சரானார். அமிர்தசரசில் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் அந்த ஆண்டில் தோன்றியதில் அவருக்குப் பங்குண்டு. 1977இல் மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் வேளாண்மை, நீர்ப்பாசனத் துறைகளை ஏற்றார். அந்த ஆண்டு நவம்பரில் டாக்காவில் கையெழுத்தான, கங்கை நீரை வங்கதேசத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஃபராக்கா நீர்ப்பங்கீட்டு உடன்பாட்டில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அவரே. மேல்நிலை மாநிலம், கீழ்நிலை மாநிலம் என்று ஆற்று நீருக்காக வாதாடியே காலம் கழிக்கும் நமக்கு இப்படி ஒருவர் ஆளுநராக வாய்த்தது ஒரு விந்தைதான். அந்த அனுபவத்தை அவரிடம் யாரும் கேட்டுப் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவருடைய பஞ்சாப் முதல்வர் காலத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1985 ஜூலை 24 அன்று ராஜீவ் காந்தியும் அகாலி தளத் தலைவர் ஹர்சந்த் சிங் லோங்கோவாலும் பஞ்சாப் சிக்கலைத் தீர்க்க ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் லோங்கோவால் சுட்டுக்கொல்லப்பட்டார். செப்டம்பரில் நடந்த தேர்தலில் 117 இடங்களில் 73ஐ வென்ற அகாலி தளம் பர்னாலாவை முதல்வராக்கியது. சண்டிகரைப் பஞ்சாபிடம் ஒப்படைக்க உடன்பாட்டில் குறிக்கப்பட்டிருந்த நாள் 1986 ஜனவரி 26. அந்த நாள் வந்தது, போனது, சண்டிகர் வரவில்லை. டெல்லி தன் பங்கை நிறைவேற்றாத நிலையில், உடன்பாட்டை நம்பி வாக்குக் கேட்ட முதல்வரின் காலடி மண் அன்றே சரியத் தொடங்கியது. அந்த ஏப்ரல் இறுதியில் பொற்கோயில் வளாகத்திலிருந்து காலிஸ்தான் என்ற தனிச் சீக்கிய நாட்டுக்கான பிரகடனம் வெளியிடப்பட்டபோது, அடுத்த நாளே பாதுகாப்புப் படையினரை உள்ளே அனுப்ப அவர் ஒப்புதல் அளித்தார். கட்சி உடைந்தது. கட்சியின் மூத்த தலைவர்களான பாதலும் தோராவும் பிரிந்து போனார்கள். சட்டமன்ற உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அவர்களோடு போனார்கள்.

கட்சியை இழந்தும் அவர் டெல்லியின் நம்பிக்கையைப் பெற்றுவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. சட்டம் ஒழுங்கு சீர்குலைந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி, ஆளுநர் சித்தார்த்த சங்கர் ராயின் அறிக்கையின் பேரில், 1987 மே 11 அன்று அவருடைய ஆட்சி நீக்கப்பட்டது. அரியானா சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது ஐந்தாறு வாரமே இருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்பியவர்கள் அன்றும் குறைவு. இதற்கிடையில் அகாலி பிரிவுகளை எல்லாம் கலைத்துவிட்டு ஒன்றாகச் சேர வேண்டும் என்ற, சீக்கியரின் உச்ச சமய பீடமான அகால் தக்தின் ஆணையை ஏற்க மறுத்ததால் அவர் சமயத்திலிருந்தே விலக்கிவைக்கப்பட்டார். 1988 இறுதியில் அகால் தக்தின் முன் சென்று தண்டனையைக் கேட்டு ஏற்றுக்கொண்டார். நேற்றுவரை ஒரு மாநிலத்தை ஆண்டவர், கழுத்தில் பலகை தொங்க, தூணில் கட்டப்பட்டு நின்றார். வழிபட வந்தவர்களின் காலணிகளைத் துடைத்தார். அந்தக் காட்சியைப் பணிவென்று சொல்வோரும் உண்டு, அரசியல் என்று சொல்வோரும் உண்டு. எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு மனிதரிடமிருந்து பதவியாகவும் புகழாகவும் பறிக்கக்கூடியவை அனைத்தும் பர்னாலாவிடமிருந்து அதற்குள் பறிக்கப்பட்டுவிட்டன. அதற்கு மேலும் அவரை அச்சுறுத்த டெல்லியிடம் பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

இத்தகைய ஒருவர் 1990 மே 24 அன்று தமிழ்நாட்டு ஆளுநராகப் பொறுப்பேற்றார். அந்த நியமனம் எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1989 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த வி.பி. சிங் அரசு, முந்தைய ஆட்சியில் நியமிக்கப்பட்ட ஆளுநர்களைப் பதவி விலகுமாறு கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில் பி.சி. அலெக்சாண்டர் விட்டுச்சென்ற இடத்துக்கே பர்னாலா வந்தார். வி.பி. சிங்கின் தேசிய முன்னணிக் கூட்டணியில் தி.மு.க. பங்காளி, எனவே சென்னைக்கும் டெல்லிக்கும் அப்போது இணக்கமே நிலவியது. அந்த இணக்கம் நவம்பரில் வி.பி. சிங் ஆட்சியோடு முடிந்தது. காங்கிரசின் வெளி ஆதரவில் சந்திரசேகர் பிரதமரானார். விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தைத் தி.மு.க. அரசு கண்டும் காணாமல் இருக்கிறது என்ற குற்றச்சாட்டு, 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில், புலிகளுக்கு எதிரான ஈழ இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எப்.இன் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டதிலிருந்தே வலுத்துவந்தது. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் காங்கிரசும் அ.தி.மு.க.வும் எழுப்பிக்கொண்டிருந்தன.

அந்தக் குற்றச்சாட்டில் சாரமே இல்லை என்று நான் வாதிடவில்லை. கோடம்பாக்கத்துக் கொலைகள் நடந்த விதமும், கொலையாளிகள் தப்பிச் சென்ற விதமும் எந்த அரசையும் கூண்டில் ஏற்றக்கூடியவை. ஆனால் ஆட்சியைக் கலைப்பதற்கு அரசமைப்புச் சட்டம் ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது. மாநிலத்தில் அரசமைப்பின்படி ஆட்சி நடக்கவில்லை என்று ஆளுநர் அறிக்கை அனுப்ப, அதன் பேரில் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்வது என்பதே வழக்கமாக இருந்த நெறி. அறிக்கையை எழுத வேண்டியவர் பர்னாலா. பெரும்பான்மை பலத்தோடு சட்டமன்றம் இயங்கிக்கொண்டிருந்தது. 1989 ஜனவரியில் பதவியேற்ற கலைஞர் கருணாநிதியின் அரசுக்கு அப்போதுதான் இரண்டு ஆண்டு நிறைந்திருந்தது. பர்னாலா எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்கப்பட்டும் எழுதவில்லை. மூன்றரை ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஓர் அறிக்கையால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஆளுநர் ஒருவரின் இரண்டு பக்கக் கடிதம் ஒரு சட்டமன்றத்தை என்ன செய்யும் என்பதை, வாங்கிக் கட்டிக்கொண்ட பக்கத்திலிருந்து அறிந்தவர் அன்றைக்கு இந்தியாவின் ராஜ்பவன்களில் வேறு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

1991 ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநரின் அறிக்கை 'பெறப்பட்டோ அல்லது பிறவாறோ' குடியரசுத் தலைவர் மனநிறைவு கொண்டால் போதும் என்று 356ஆவது பிரிவு விட்டுவைத்திருக்கும் இடைவெளியைப் பயன்படுத்தி, அறிக்கை இல்லாமலேயே பிரகடனம் வெளியானது. கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்தவர். இந்த மாநிலத்தின் நிருவாகத்தை உள்ளும் புறமும் அறிந்தவர். இதில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. குடியரசுத் தலைவர் ஆட்சி என்பது நடைமுறையில் ஆளுநர் வழியாக நடக்கும் ஆட்சி. பீஷ்ம நாராயண் சிங் பிப்ரவரி 15 அன்று வந்து பொறுப்பேற்கும்வரை ராஜ்பவனில் இருந்தவர் பர்னாலாதான். ஆக, தான் பரிந்துரைக்க மறுத்த ஆட்சியை ஏறத்தாழ இரண்டு வாரம் தானே நடத்த வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. பிறகு அவரைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் பாட்னாவுக்குப் போகவில்லை. பதவியை விட்டு விலகினார்.

அந்த ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பிறகு, கலைப்பு சரிதான் என்று நிரூபணமாகிவிட்டது என்ற பேச்சு எழுந்தது. இன்றும் அது எழுவதுண்டு. உங்கள் முன்னும் அந்த வாதம் வைக்கப்படலாம். அப்படி வைக்கப்படுமானால் ஒன்றை மட்டும் பதிவு செய்யுங்கள். அந்தக் கொடூரம் நடந்த நாளில் தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில், அதாவது டெல்லியின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. கலைப்புக்கு எந்த ஆபத்து காரணமாகச் சொல்லப்பட்டதோ, அந்த ஆபத்தைக் கலைப்பு தடுக்கவில்லை.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். ஆளுநர்களின் தகுதியைப் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட பரிந்துரைகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பர்னாலாவின் மேல் பொருத்திப் பாருங்கள். ஒன்றிய – மாநில உறவுகளை ஆராய ஒன்றிய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையத்தின், 1988இல் வெளியான அறிக்கை, அரசியலில், அதிலும் அண்மைக் காலத்தில், மிகுதியாக ஈடுபட்டவரை ஆளுநராக நியமிக்கலாகாது என்றது. பர்னாலா மூன்று ஆண்டுக்கு முன்வரை முதல்வர். ஒரு கட்சிப் பிரிவின் தலைவர். ஒன்றியத்தில் ஆண்ட கூட்டணியின் நண்பர். அந்த அளவுகோலை அப்படியே கடைப்பிடித்திருந்தால் 1990இல் அவர் சென்னைக்கு வந்திருக்கவே முடியாது. அதே பொருளை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நம்முடைய இராசமன்னார் குழு 1971இலேயே, ஒருமுறை ஆளுநராக இருந்தவர் மீண்டும் ஆளுநராகவோ அரசின் கீழ் வேறு பதவியிலோ அமரத் தகுதியற்றவராக்கப்பட வேண்டும் என்று சொன்னது. அதைக் கடைப்பிடித்திருந்தால், அவர் 2000இல் உத்தராகண்டின் முதல் ஆளுநராகவும், பின்னர் ஆந்திரப் பிரதேச ஆளுநராகவும், 2004இல் மீண்டும் நமக்கு ஆளுநராகவும் வந்திருக்க முடியாது. இடையில் வாஜ்பாய் அமைச்சரவையில் இடம்பெற்றதும் நடந்திருக்காது. நாம் கொண்டாடும் ஆளுநர் இரண்டு வடிகட்டிகளிலும் தங்காமல் போய்விடுகிறார். மறுபுறம், அரசியலோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அப்பழுக்கற்ற பணிப் பதிவேடு கொண்ட எத்தனையோ ஓய்வுபெற்ற அதிகாரிகள் இதே வடிகட்டிகளில் எளிதில் தேறி வந்து, டெல்லி சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்கள்.

எனவே, ஆளுநராக வருபவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் எழுதுவதில் உங்கள் குழு நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள். வந்தவர் ஒரு முடிவை எடுத்த பிறகு அவரை யார், எதற்காக, எப்படி நகர்த்தலாம் என்பதில்தான் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. ஆளுநர் இந்திய அரசின் ஊழியர் அல்லர், அவர் அதன் கட்டுப்பாட்டின் கீழும் இல்லை என்று ரகுகுல் திலக் வழக்கில் 1979இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பர்னாலாவைப் பீகாருக்கு அனுப்பிய ஆணை, சொன்ன பேச்சைக் கேட்காத தாசில்தாரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுகிற ஆணையிலிருந்து எந்த வகையிலும் வேறுபட்டதன்று. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தீர்ப்புக்குப் பெயர் கொடுத்த ரகுகுல் திலக்கே 1981இல் ராஜஸ்தான் ஆளுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு நம் ஆளுநர் பிரபுதாஸ் பட்வாரி நீக்கப்பட்டார். பட்வாரியை இன்று தமிழ்நாட்டில் நினைவுகூர்பவர் எவருமில்லை.

இது ஏதோ ஒரு கட்சி இன்னொரு கட்சிக்குச் செய்த அநீதி என்று உங்கள் குழு எழுதிவிடக் கூடாது என்பதால், நமக்குச் சங்கடமான ஓர் எடுத்துக்காட்டையும் முன்வைக்கிறேன். பத்தனம்திட்டாவில் பிறந்து, மாவட்ட முன்சீபாகத் தொடங்கி, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக உயர்ந்த எம். பாத்திமா பீவி, 1997 முதல் தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தார். அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது பற்றிய ஊழல் வழக்கில் தண்டனை பெற்று, வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டிருந்த ஜெயலலிதாவுக்கு 2001 மே 14 அன்று அவர் முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அது தவறு. ஐந்து நீதிபதிகள் அமர்வு செப்டம்பர் 21 அன்று அந்த நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அவர் பதவியை இழந்தது அந்தத் தவறுக்காக அன்று. ஜூன் 30 விடியற்காலையில் கலைஞர் கைது செய்யப்பட்டதையும், ஒன்றிய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் கைதானதையும் பற்றி டெல்லி அறிக்கை கேட்டது. அவர் அனுப்பிய அறிக்கை மாநில அரசின் கூற்றையே வழிமொழிந்தது. அவரைத் திரும்ப அழைக்கக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்க ஒன்றிய அமைச்சரவை உடனே முடிவெடுத்தது. அவர் பதவி விலகினார். அந்த ஒன்றிய அமைச்சரவையில் தி.மு.க.வும் இருந்தது.

பர்னாலா அறிக்கை எழுதாததற்காகப் போனார்; பாத்திமா பீவி எழுதிய அறிக்கை பிடிக்காததற்காகப் போனார். முன்னவர் சரி, பின்னவர் அறிக்கையில் சுயமான ஆய்வு இல்லை என்று நானும் கருதுகிறேன். ஆயினும் அரசமைப்பின் கண்ணோடு பார்க்கும்போது இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு நடப்புகள். ஆளுநரின் அறிக்கை ஒன்றிய அரசின் விருப்பத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும், இல்லையேல் ஆளுநர் இருக்க முடியாது என்பதே இரண்டிலும் நடந்தது. முதலாவதில் பாதிக்கப்பட்ட கட்சி இரண்டாவதில் பயன்பெற்றது. தமிழ்நாட்டின் இரு பெருங்கட்சிகளும் மாறி மாறி இந்தக் கத்தியின் இரு முனைகளையும் பிடித்திருக்கின்றன. மாநில உரிமை பேசும் நம் மேடைகளில் இந்தப் பகுதியை மட்டும் தாவிக் கடந்துவிடுவது வழக்கம். உங்கள் குழுவை அமைத்த அரசுக்கு இது கசக்கலாம். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

பர்னாலாவின் இரண்டாம் வருகையும் இந்தக் கசப்புக்கு விலக்கில்லை. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சிக்கு வந்ததும் நான்கு மாநில ஆளுநர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் அன்றைய ஆளுநர் ராம்மோகன் ராவை நகர்த்த ஒன்றிய அரசு முனைந்ததை முதல்வர் ஜெயலலிதா வெளிப்படையாகவே எதிர்த்தார். எதிர்ப்பு எடுபடவில்லை. நவம்பர் 3 அன்று பர்னாலா மீண்டும் பொறுப்பேற்றார். தன்னைத் தூக்கியெறிந்த அதே பொறிமுறை இன்னொருவரைத் தூக்கியெறிந்து உண்டாக்கிய காலியிடத்தில் அவர் அமர்ந்தார் என்பதைச் சொல்லாமல் அவர் வரலாறு முழுமை பெறாது. அவரைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தப் பொறிமுறைக்கு வெளியே நின்று ஒருவர் ஆளுநராக முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த ஏழாண்டைப் பற்றி எழுத அதிகமில்லை, அதையே நற்சான்றாகக் கொள்ளலாம். 2006 மே 13 அன்று கலைஞருக்கும், 2011 மே 16 அன்று ஜெயலலிதாவுக்கும் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அவரே. ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பார்க்காத இரண்டு தலைவர்களின் ஆட்சிகளுக்கு இடையில், ராஜ்பவனைச் செய்தியாக்காமல் அவர் இருந்துவிட்டுப் போனார். ஓவியம் தீட்டுவதில் அவருக்கு ஈடுபாடு உண்டு. ஆளுநர்களுக்கு வேண்டிய பொழுதுபோக்கு அதுவே என்று இப்போது தோன்றுகிறது. 2011 ஆகஸ்ட் இறுதியில் விடைபெற்றார். 2017 ஜனவரி 14 அன்று சண்டிகரில் தம் 91ஆம் வயதில் காலமானார். இங்கே அன்று பொங்கல்.

இனி நான் கேட்பவை. 2010 மே மாதம் பி.பி. சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு அளித்த தீர்ப்பு, ஒன்றிய அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகவோ அதன் நம்பிக்கையை இழந்துவிட்டார் என்பதற்காகவோ ஓர் ஆளுநரை நீக்க முடியாது என்று நிலைநாட்டியது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த வழக்கின் கேள்வி பதவி நீக்கம் பற்றியது. பணிமாற்றம் என்ற வழி திறந்தே கிடக்கிறது. பர்னாலாவை முறைப்படி யாரும் நீக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்த வழி இன்று எவ்வளவு இயல்பாகிவிட்டது என்றால், 2021இல் பன்வாரிலால் புரோகித் சென்னையிலிருந்து பஞ்சாபுக்கும், ஆர்.என். ரவி நாகாலாந்திலிருந்து சென்னைக்கும் மாற்றப்பட்டபோது, இதற்கு அரசமைப்பில் இடமிருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் ஆளுநரின் பணிமாற்றத்துக்கென்று ஒரு தனிப் பிரிவு கிடையாது. புதிய நியமனம் என்ற பெயரில் அது நடக்கிறது. ஒரு மாநிலத்தில் ஐந்தாண்டுக்கு நியமிக்கப்பட்டவரை, அவர் எழுத்தில் இசைவு தெரிவித்தாலன்றி, அந்தக் காலம் முடியுமுன் வேறு மாநிலத்துக்கு அனுப்பக் கூடாது என்று, ஆளுநரின் பதவிக்காலத்தைக் கூறும் 156ஆவது பிரிவில் ஒரு வரி சேர்க்கப் பரிந்துரையுங்கள். நீக்கத்துக்கு, ஒன்றிய – மாநில உறவுகளை மீண்டும் ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010இல் சொன்னதைப் போல், சட்டமன்றத்தின் பங்கோடு கூடிய ஒரு முறையான விசாரணையை வையுங்கள்.

இராசமன்னார் குழுவின் மறுநியமனத் தடையையும் மீட்டெடுங்கள். அதனால் பர்னாலாவைப் போன்ற ஒருவரின் இரண்டாம் பதவிக்காலத்தை நாம் இழக்க நேரும் என்பது எனக்குத் தெரியும். அந்த இழப்பை ஏற்கலாம் என்றே நினைக்கிறேன். தண்டிக்கும் வழியை மட்டும் அடைத்துவிட்டு, அடுத்த ராஜ்பவன், அடுத்த பதவி என்ற ஆசையைக் காட்டும் வழியைத் திறந்து வைத்தால், பர்னாலாவைப் போல இழப்பதற்கு எதுவுமில்லாதவர்கள் மட்டுமே அறிக்கை எழுத மறுப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் அடிக்கடி கிடைப்பதில்லை.

356ஆவது பிரிவைப் பொறுத்தவரை, மாநில ஆட்சிக் கலைப்புக்கு வரம்பு கட்டிய, எஸ்.ஆர். பொம்மை வழக்கின் 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கலைப்புகள் அரிதாகிவிட்டன என்ற ஆறுதல் நமக்குப் போதாது. ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே பிரகடனம் செய்ய இடமளிக்கும் சொற்களை அந்தத் தீர்ப்பு நீக்கிவிடவில்லை. நீக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. அறிக்கை இல்லாமல் பிரகடனம் இல்லை என்றும், அறிக்கை காரணங்களோடு எழுதப்பட்டு நாடாளுமன்றத்திலும் உரிய சட்டமன்றத்திலும் வைக்கப்பட வேண்டும் என்றும் திருத்தம் கோருங்கள். ஆளுநர் அறிக்கை அனுப்ப மறுத்தால், அந்த மறுப்பும் எழுத்தில் இருக்க வேண்டும். அதுவும் அவையின் முன் வர வேண்டும்.

கடைசியாக, உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டு உடனே செய்யக்கூடிய ஒரு வேலை. 1990 நவம்பருக்கும் 1991 பிப்ரவரிக்கும் இடையில் கிண்டி ராஜ்பவனுக்கும் ஒன்றிய உள்துறைக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் என்ன இருந்தது என்பதை நாம் இன்றுவரை செவிவழிச் செய்தியாகவும் பங்கேற்றவர்களின் நினைவுக் குறிப்புகளாகவும் மட்டுமே அறிகிறோம். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டத்தின் நோக்கப்படி, இருபத்தைந்து ஆண்டு கடந்த கோப்புகள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவை. முப்பது ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. அந்தக் கோப்புகளை உள்துறையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தமிழ்நாடு அரசுத் தலைமைச் செயலகத்தின் பொது (Public) துறையில் இருக்கும் நகல்களையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் அவற்றை உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பாக வெளியிடுங்கள். தர மறுத்தால், மறுத்த கடிதத்தை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அரசியலறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்